நான்காவது விசில்

லிஃப்ட் கதவு மூடியது.

எட்டாவது மாடி. இறங்க வேண்டியது பத்துத் தளம். அதில் கடைசி இரண்டு தரைக்குக் கீழே.

அவளுடைய ஒரு கையில் சிக்னல் மீட்டர். மறு கையில் போன், ஸ்பீக்கரில்.

எதிரே ஆஸ்பத்திரி மேனேஜர் ஜெபமணி. கையில் அட்டை. அட்டையில் செருகிய தாளில் நான்கு கம்பெனிகளின் பெயர். முதல் மூன்றின் மேலும் கோடு.

மூன்று பேரும் இந்த லிஃப்டில்தான் கவிழ்ந்தார்கள். வார்டில், வராந்தாவில், கேன்டீனில் எல்லாம் நன்றாகப் பேசிய போன், இதற்குள் வந்ததும் ஊமையாகிவிட்டது. சுவர் கனம் என்றார்கள். கதவு இரும்பு என்றார்கள். கட்டடமே சரியில்லை என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

நான்காவது பெயர் அவளுடையது. கட்டடங்களுக்குள் சிக்னல் கொண்டு வருவது தொழில். இருந்த வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. இரண்டு ஜவுளிக்கடை, ஒரு கல்யாண மண்டபம் முடித்திருக்கிறாள். ஆஸ்பத்திரி இதுதான் முதல்.

அடித்தளத்தில் ரத்த வங்கி. போன மாதம் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து அங்கே போன் போட்டுப் போட்டுப் பார்த்துக் கிடைக்காமல், ஒரு நர்ஸ் படிக்கட்டு வழியே ஓடி வந்து ரத்தம் கேட்டாள். அதன் பிறகு ஜெபமணி வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. உச்சியிலிருந்து அடிவரை ஒரே கால். நடுவில் அறுந்தால், சோதனைக்கு மாட்டிய ஆன்டெனாக்களைச் சாயங்காலத்துக்குள் கழற்றிக்கொண்டு போய்விட வேண்டும்.

அறாது.

லிஃப்ட் குழிக்குள் மேலிருந்து கீழ்வரை கேபிளை நின்று இறக்கியவள் அவள். அவளுக்குத் தெரியும்.

போனில் பேசிக்கொண்டிருந்தது அத்தை. கணவனின் அம்மா.

டெஸ்ட் காலுக்கு இடைவிடாமல் பேசும் ஆள் வேண்டும். நடுவில் நிறுத்தினால், அறுந்ததா நிறுத்தினார்களா என்று தெரியாது. முன்பு ஆபீஸில் ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார். நாற்பதில் கொட்டாவி விடுவார். அத்தைக்குக் கொட்டாவியே கிடையாது. ஒன்பது வருஷமாக வீட்டில் காதைப் பொத்திக்கொண்டு தப்பித்த அதே பேச்சுதான் இப்போது சோறு போடுகிறது.

அத்தையும் லேசுப்பட்டவள் இல்லை. எடுத்ததும் கேட்டுவிடுவாள்.

"இது டெஸ்டு காலா, நெசக் காலா?"

டெஸ்ட் என்றால் குஷி. நெசக் காலில் சொல்லத் தயங்குவதையெல்லாம் அதில் கொட்டித் தீர்ப்பாள். டெஸ்டில் பேசியதை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது. இருவருக்கும் நடுவில் எழுதாத சட்டம் அது.

ஆறு. ஐந்து.

"நேத்து இஞ்சினியரம்மா வச்ச கொழம்பு இருக்கே, உப்புக்குக் கடலே தேவல. எம் மவன் மூச்சுவிடாம திங்கான். நான் வச்சா மட்டும் ஆயிரம் நொட்டை சொல்லுவான்…"

பின்னால் குக்கர் விசில் அடித்தது. அது இரண்டாவது. அத்தை விசிலுக்கு மேல் குரலை ஏற்றினாள்.

மீட்டரில் மைனஸ் எழுபத்தெட்டு. தொண்ணூற்றைந்தைத் தொட்டால்தான் பேச்சு உடையும். அதற்கு வெகு தூரம் இருந்தது.

ஜெபமணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"யாரு மேடம் இது? அம்மாவா?"

"ஆமா சார். அம்மாதான்."

யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. கழுத்தில் மாலை வாடுவதற்குள் ஒருமுறை அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள். "அத்தைன்னா போதும்" என்று அன்றைக்கே பதில் வந்தது. அதோடு சரி.

போன் அமைதியானது.

தரைத்தளம். முதல் கீழ்த்தளம்.

பேச்சே இல்லை.

ஜெபமணியின் சிரிப்பு வடிந்தது. பேனாவைத் திறந்தார். மூன்று முறை இதே லிஃப்டில் திறந்த பேனா.

"கட் ஆயிட்டுல்லா மேடம்."

"இல்ல சார். லைன் இருக்கு."

ஹலோ ஹலோ என்று அவள் கத்தவில்லை. மீட்டரைப் பார்க்கவும் இல்லை. போனை அவர் பக்கம் நீட்டிப் பிடித்தாள்.

விசில் அடித்தது.

தரைக்குக் கீழே, இரும்புப் பெட்டிக்குள், நாலு கிலோமீட்டர் தள்ளிப் பருப்பு வேகும் சத்தம் பக்கத்து அறையில் போலக் கேட்டது.

மூன்று.

மூன்றாவது விசில் முடிவதற்குள் அத்தையின் கை அடுப்பைத் திருகிவிடும். நான்காவது விட்டால் பருப்பு குழைந்துவிடும் என்று ஒன்பது வருஷமாக அவளைத் திட்டிய வாய் அது.

நான்காவது விசில் வந்தது.

ஜெபமணி பேனாவை மாற்றிப் பிடித்தார். நான்காவது பெயருக்கு நேரே டிக் அடித்துத் தேதி போட்டார்.

கதவு திறந்தது. ரத்த வங்கியின் குளிர் முகத்தில் அடித்தது.

அப்போதுதான் போனில் குரல் வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இதுவரை அவள் கேட்டிராத தணிந்த குரல்.

"இப்பச் சொன்னியே… அது டெஸ்டுக்குச் சொன்னதா, நெசமாச் சொன்னதா?"



அவள் மீட்டரை அணைத்துப் பையில் போட்டாள். ஸ்பீக்கரையும் அணைத்து, போனைக் காதோடு வைத்துக்கொண்டாள்.

அதன் பிறகுதான் பதில் சொன்னாள்.