ஆற்றுக்கல்

காட்டுக்குள் யாரும் போகக்கூடாது என்று வனத்துறை உத்தரவு வந்தபின், தடுப்புக் கம்பத்தில் காவலுக்கு நின்றவன் அந்தக் காட்டிலேயே வாழ்ந்த குறும்பர்களில் ஒருவனான கேத்தன்தான். அந்த வேலையில் அவன் சேர்ந்த நாளிலிருந்து தம்பி மாதன் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்று வருடம் கழித்து ஒரு காலையில் மாதனே வந்து நின்றான். கையில் ஆற்றில் எடுத்த உருண்டைக் கல் இருந்தது.

செத்தவர்களுக்காக ஒரு கல்லைக் காட்டுக்குள் இருக்கும் குலதெய்வத்தின் அருகே வைப்பது அவர்கள் வழக்கம்.

"யாருக்குடா?" என்றான் கேத்தன் பதறி.

"எம் மகளுக்கு. காய்ச்சல்ல போயிட்டா. கம்பத்தைத் தூக்கு."

"ரேஞ்சர் ஐயா பார்த்தா வேலை போயிடும், மாதா."

மாதன் கெஞ்சவில்லை. கல்லை அண்ணன் கையில் வைத்தான். "நீ போவலாம்ல? பெரியப்பன்தானே, நீயே கொண்டுபோய் வையி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனான்.

மதியம் ரோந்து போகும் சாக்கில் கேத்தன் மலையேறினான். மரத்தடியில் தெய்வமும், அதைச் சுற்றி அப்பனும் பாட்டன்களும் கற்களாக இருந்தார்கள். சருகைத் தள்ளி அப்பனுக்குப் பக்கத்தில் இடம் செய்தான். இன்னார் வந்திருக்கிறார் என்று பெயர் சொல்லித்தான் கல்லை இறக்க வேண்டும்.

வாயைத் திறந்த பிறகுதான், பேச்சு நின்றபின் பிறந்த அந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று தான் ஒருநாளும் கேட்டதில்லை என்பது அவனுக்கு உறைத்தது.

வெயில் இறங்கும்வரை கல் அவன் மடியிலேயே இருந்தது.