டீமை விற்றவர்

“டீமை வித்துட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி கல்லாவுல உக்காந்துக்கினு இருக்கியே, உனக்கு வெக்கமா இல்ல?”

நாகபூஷணம் போட்ட சத்தத்தில், புடவை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வெளியே நகர்ந்தார்கள்.

விஜயராகவன் தலையை நிமிர்த்தவில்லை. நகரியில் பெண்கள் கால்பந்து டீம் என்று ஒன்று உண்டானதே அவரால்தான். பூட்ஸ், கோச், வெளியூர் மேட்ச் எல்லாம் அவர் செலவு. இப்போது டீமைத் திருப்பதி ஓட்டல் முதலாளி ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். இனி டீம் திருப்பதியில் தங்கும், திருப்பதியில் ஆடும். பெயரில்கூட நகரி இருக்காது.

“வித்தது வித்ததுதான் பூஷணம். தப்புன்னா தப்புதான்” என்றார்.

“எங்களை ஒரு வார்த்தை கேட்டியா?”

விஜயராகவன் கலைந்து கிடந்த புடவைகளை மடிக்க ஆரம்பித்தார்.

உள்ளேயிருந்து வந்த அவர் மனைவி வெங்கடம்மா, “ஏன் இந்தப் பேச்செல்லாம் வாங்கணும்? சொல்லித் தொலைங்களேன்” என்று ஆரம்பித்தாள்.

“நீ உள்ள போ” என்றார் விஜயராகவன்.

நாகபூஷணம் சுவரில் மாட்டியிருந்த டீம் போட்டோவைக் கழற்றினார். “இது இனிமே உன் கடையில இருக்கக் கூடாது.”

கூட வந்திருந்த புருஷோத்தமனும் தமிழரசும் கைதட்டினார்கள். விஜயராகவன் காலியான ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாகபூஷணம் டீமின் ரசிகர் மன்றத் தலைவர். வாரமெல்லாம் விசைத்தறிச் சத்தத்தில் பிழைப்பு. பக்கத்தில் இருப்பவன் பேசுவதுகூடக் கேட்காது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில்தான் அவர் குரல் அவருக்கே கேட்கும். அவர் மகள் காவ்யாதான் கோல்கீப்பர். கம்பத்துக்குப் பின்னால் நின்று, “உடாத, தாவு!” என்று கத்திக் கத்தி, திங்கட்கிழமை தொண்டை கட்டிக்கொண்டு தறிக்குப் போவார்.

இனி ஞாயிற்றுக்கிழமை வந்தால் என்ன செய்வது?

அதன்பிறகு விஜயராகவன் கடைப் பக்கம் யாரும் போகவில்லை. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைக் கதவில் யாரோ ‘துரோகி’ என்று எழுதினார்கள். அவர் அதை அழிக்கவுமில்லை, யார் எழுதியது என்று கேட்கவுமில்லை.

வீட்டில் சோறு சாப்பிடும்போதும் நாகபூஷணத்துக்கு அதே புலம்பல்தான்.

“நம்ம ஊரு பொண்ணுங்களை எவனோ இட்டுக்கினு போறதாம். நாம பாத்துக்கினு இருக்கணுமாம்!”

காவ்யா தட்டைப் பார்த்தபடி, “நானும் டீமோட போகட்டா நைனா?” என்றாள்.

“உனக்கு இன்னாத்துக்கு? தை மாசம் கல்யாணம். இந்த சீசனோட பந்தைத் தூக்கிப் பரண்ல போடு.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

டீம் கிளம்பும் நாள் வந்தது. மைதான வாசலில் பஸ் நின்றது. நாகபூஷணம் கறுப்புக்கொடியோடு பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றார். ஊரே அவர் பின்னால் நின்றது.

“விற்காதே! விற்காதே! எங்கள் டீமை விற்காதே!”

கத்திக்கொண்டே நிமிர்ந்தவர், பஸ் ஜன்னலைப் பார்த்துத் திகைத்துப் போனார். ரெண்டாவது சீட்டில் காவ்யா. மடியில் துணிப் பை.

ஓடிப்போய் ஜன்னல் கம்பியைப் பிடித்தார். “நீ எங்க போற? உனக்கு தைல கல்யாணம்!”

“அதுக்குத்தான் போறேன் நைனா.”

“இன்னா உளர்றே?”

காவ்யாவின் கண் கலங்கியது. ஆனால் குரல் உடையவில்லை.

“ரூபா அக்காவுக்குப் போன வருஷம் கல்யாணம் ஆச்சு. அப்புறம் பந்தைத் தொட்டாங்களா? கன்னிகாவுக்கு நிச்சயம் ஆனதுமே கிரவுண்டுக்கு அனுப்பலை. அடுத்தது நான். மத்தவங்க வீட்லயும் மாப்பிள்ளை பாத்துக்கினுதான் இருக்காங்க. எங்களுக்கு ஆடணும் நைனா. படிக்கணும். அழுதுக்கினே போய் ஓனர் கிட்ட நின்னோம்.”

“ஓனர் கிட்டயா?”

“ஆமா. ‘இந்த ஊர்ல இருந்தா உங்களை என்னால காப்பாத்த முடியாதும்மா’ன்னாரு. ஹாஸ்டல்ல வச்சு டிகிரி படிக்க வைக்கிறேன்னு ஒத்துக்கிட்ட ஆளாத் தேடிப் புடிச்சுத்தான் டீமையே கொடுத்தாரு. அவருக்கு மட்டும் மனசு வந்தா கொடுத்தாரு?”

நாகபூஷணத்தின் கையிலிருந்த கொடி எப்போது கீழே விழுந்தது என்று அவருக்கே தெரியாது.

“தலைவரே, கோஷம் நின்னு போச்சே! சொல்லுங்க!” என்று பின்னாலிருந்து கத்தினான் புருஷோத்தமன்.

நாகபூஷணம் திரும்பவில்லை. மகளைப் பார்த்தார். இறங்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் இறங்கிவிடுவாள். அதுவும் அவருக்குத் தெரியும்.

கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“வழி உடுங்கப்பா.”

“தலைவரே?”

“உடுங்கன்னு சொல்றேன் இல்ல!”

முணுமுணுத்துக்கொண்டே கூட்டம் விலகியது. பஸ் நகர்ந்தது. நாகபூஷணம் ஜன்னல் கம்பியை விடாமல் கூடவே நடந்தார்.

“அத்தினி பேர் முன்னால அந்த மனுஷனை அப்படிக் கேட்டேனேம்மா... அப்பவாவது அவரு வாயைத் தொறந்து சொல்லியிருக்கலாம் இல்ல?”

காவ்யா கம்பி மேலிருந்த அவர் கையைத் தொட்டாள்.

“சொல்லியிருந்தா, அன்னிக்கே என்னை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டியிருப்ப இல்ல நைனா? ‘உங்க நைனா என்னைத் திட்டிக்கினே இருக்கட்டும்மா, அதுக்குள்ள நீங்க பஸ் ஏறிடுங்க’ன்னாரு.”