மூன்றாம் நாள் எச்சம்

முதலில் வம்பு செய்தது காக்கைதான். நீலக்கல் அதை இன்றுவரை மறக்கவில்லை.

கடைக்காரர் லென்ஸ் வைத்துப் பார்த்து, "உள்ள பட்டுநூல் மாதிரி ரேகை ஓடுது, மண்ணுல விளைஞ்ச அசல் கல்" என்று சொன்ன கல் அது. ஏழு வருஷம் பெட்டியில் கிடந்ததால் ஒரு விரலில் ஏறிவிட வேண்டும் என்று துடித்தது.

சங்கரலிங்கம் வந்தார். நீலம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாதாம். மூன்று நாள் கையில் கட்டிப் பார்த்து வாங்குவதாகப் பேச்சு. இரண்டு நாள் சுகமாகப் போனது. மூன்றாம் நாள் காக்கை அவர் வழுக்கையில் எச்சம் போட்டது. "இந்தக் கல் நமக்கு ஆகாது" என்று திருப்பிக் கொடுத்தவர், நீலக் கண்ணாடி பதித்த மோதிரம் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

கடை வாசலுக்கு வந்த காக்கையை நீலக்கல் பிடித்துக்கொண்டது. "நீ சனீஸ்வரன் வாகனம், நான் சனீஸ்வரன் கல். சொந்தக்காரன் செய்யுற வேலையாடா இது? சங்கரலிங்கத்துக்கிட்டப் போய் உன் வேலைதான்னு ஒத்துக்க."

"விடுங்கண்ணே. நேத்தும் அவர் தலையிலதான் போட்டேன். என்னைத்தான் திட்டுனாரு, கண்ணாடி மோதிரத்தை ஒண்ணும் சொல்லலை."

நீலக்கல்லுக்கு இன்னும் எரிந்தது. "அப்போ என் பேரைக் கெடுத்ததுக்கு என்னடா பதில்?"

"நாளைக்குக் கட்டாயம் சொல்லிடறேண்ணே" என்று காக்கை பறந்தது.

தினமும் வருகிறது, தினமும் அதையே சொல்கிறது. நீலக்கல் பெட்டிக்குள்ளிருந்து நாளைக்காகக் காத்திருக்கிறது.