கொரியா ஊறுகாய்

"ஏலே கடற்கரை, முள்ளங்கியில உப்பப் போட்டு இந்தப் பிசை பிசையுதானே, எதுக்குன்னு கேளு" என்றாள் முப்பிடாதியம்மாள்.

"அவுக ஊர் ஊறுகா பெரியம்மா. இது இல்லாம அவனுக்குச் சோறு இறங்காது."

கொரியாவில் சண்டை ஓய்ந்தபின் கைதிகளைக் காவல் காக்கப் போன பட்டாளம் மெட்ராஸில் வந்து இறங்கியிருந்த மாசி மாதம் அது. கடற்கரையும், முப்பிடாதியம்மாளின் ஒரே மகன் பிச்சையாவும் சேர்ந்து போனவர்கள். கடற்கரை மட்டும் இலத்தூருக்கு வந்திருந்தான். கூடவே மூன்சிக். ஊர் திரும்ப மாட்டேன் என்று நம் கப்பலிலேயே ஏறி வந்துவிட்ட கொரியாக் கைதி. அவனை வேடிக்கை பார்க்கத் தெருவே வந்துவிட்டுப் போயிருந்தது.

தென்காசிச் சந்தை முள்ளங்கியில் பூண்டும் இஞ்சியும் மிளகாய்ப்பொடியும் சேர்த்துப் பிசறி, ஜாடியில் அமுக்கினான் மூன்சிக். பிறகு கொல்லையில் குழி தோண்டி, ஜாடியை இறக்கி, கழுத்துவரை மண்ணைத் தள்ளினான்.

"அடப் பாவி, ஊறுகாயப் போயி யாராச்சும் புதைப்பாங்களா!" முப்பிடாதியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சரி, கிடக்கட்டும். இது ஊறவும் பிச்சையா வரவும் சரியா இருக்கும்."

மூன்சிக் அடுத்து வைக்கோல் படப்பில் ஒரு கை உருவி, கயிறாகத் திரித்துச் செருப்பு பின்ன உட்கார்ந்தான்.

"வைக்கோல்ல செருப்பா! எம் மவன் காலுக்கும் ஒண்ணு பின்னச் சொல்லுலே."

கடற்கரை அவன் பாஷையில் ஏதோ சொன்னான். மூன்சிக் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"மிளகாய்க் கையை வச்சுட்டான் போல" என்ற முப்பிடாதியம்மாளின் குரல் திடீரென்று தாழ்ந்தது. "ஏலே, கேக்கேன், ஒளிக்காமச் சொல்லு. நீ வந்ததுல இருந்து எம் முகத்தப் பாக்கவே மாட்டேங்க. பிச்சையா ஏன் வரல? அங்கன எவளையும் சேத்துக்கிட்டானா? ஆய்க்குடி இராமலட்சுமிய வைகாசியில கட்டி வைக்கதாப் பாக்கு மாத்தியாச்சு. இப்பப் போயி அவன் எவளையாச்சும் கூட்டிட்டு வந்து நின்னான்னா நான் நாண்டுக்கிட்டுதான் சாவணும்."

"எவளும் இல்ல பெரியம்மா. சத்தியமா இல்ல."

"எந் தலையில அடிச்சுச் சொல்லு."

கடற்கரை அவள் தலையில் கை வைத்தான். "இல்ல."

அவளுக்கு உயிரே வந்தது. கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். போதும் போதும் என்று இருவரும் இலையை மறைக்க மறைக்கப் பரிமாறினாள். சாரல் விழுந்ததும் பிச்சையாவையும் சேர்த்து மூணு பேரும் குத்தாலத்தில் குளிக்க வேண்டும் என்று திட்டம் போட்டாள்.

"இந்தப் பிள்ள உசுரோட இருக்கது இவன் அம்மைக்குத் தெரியுமால?"

"தெரியாது பெரியம்மா."

"அய்யோ பாவமே. அவ வாசலயே பாத்துக்கிட்டு இருப்பாளே!" முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். கடற்கரை இலையை மூடிவிட்டு எழுந்தான்.

பொழுது சாய்ந்ததும் கடற்கரை ஒரு வார்த்தை பேசாமல் விறுவிறுவென்று தெருவில் இறங்கினான். மூன்சிக் மட்டும் வாசலில் நின்று இடுப்பு வரை குனிந்து கும்பிட்டான். பிச்சையா சொல்லிக்கொடுத்த தமிழை மெல்ல எடுத்தான்.

"அம்மா... போயிட்டு வா..."

கடற்கரை பாய்ந்து வந்து அவன் வாயைப் பொத்தினான். "சொல்லாதலே! இங்கன அதைச் சொல்லக் கூடாது!"

"ஏம்ல சொல்லக் கூடாது?" முப்பிடாதியம்மாளுக்குச் சிரிப்பாக வந்தது. "எழவு வீட்டுக்குத் துட்டி கேக்க வந்தவன்லா சொல்லிக்கிடாமப் போவான்?"

பொத்திய கையை எடுக்காமலே கடற்கரை உடைந்து அழுதான். "கப்பல்லயே காய்ச்சல் கண்டு போயிட்டான் பெரியம்மா. அதைச் சொல்லத்தான் நாங்க வந்ததே."