மக்குமா?

மனைவி கதவைத் திறந்து மேடத்தை உள்ளே அழைத்து வந்தாள். கணவனின் மாமியாரும் அடுப்படியிலிருந்து ஓடி வந்து வணக்கம் போட்டாள். கணவன் மட்டும் மேஜைக்குப் பின்னால் நாற்காலியைவிட்டு அசையவில்லை.

"ஏங்க, எழுந்திருங்க" என்று பல்லைக் கடித்தாள் மனைவி.

"வாங்க மேடம், வணக்கம்!" என்று உட்கார்ந்தபடியே இளித்தான் அவன்.

கொழுப்பைப் பாருங்கள்! வந்திருப்பது யார்? பெரிய ஆஸ்பத்திரி கேன்டீனுக்கே தலைவி. மனைவி ஒரு வருஷமாகக் கரும்புச் சக்கையை அரைத்து, அச்சில் அழுத்தி, வீட்டிலேயே சாப்பாட்டுப் பெட்டி செய்கிறாள். எத்தனையோ பெட்டி ஒழுகி, எத்தனையோ நாள் அழுதிருக்கிறாள். இன்றைக்கு அவள் பெட்டி சூடான சூப்பை அரை மணி நேரம் தாங்கிவிட்டால், ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் டப்பாவுக்குக் கல்தா, இவளுக்கு ஆர்டர்.

மேஜைமேல் பெட்டியில் சூப் ஆவி பறந்தது. மேடம் அதன் அடியில் ஒரு காகிதத்தைச் செருகிவிட்டுக் கேட்டார்:

"தூக்கிப் போட்டா மக்குமா?"

மாமியாரின் கண் மாப்பிள்ளைமேலேயே இருந்தது.

"மக்கேதான்மா! ஆனா தூக்கிப் போட முடியுமா? என் பொண்ணோட புருஷனாச்சே!"

மேடம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கணவன், "ஸ்ஸ்ஸ்... ஆ!" என்றான்.

"என்ன சார் ஆச்சு?"

"சந்தோஷம் மேடம்! எனக்குச் சந்தோஷம் வந்தா இப்படித்தான்."

மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள்.

அரை மணி நேரம் ஆனது. மேடம் காகிதத்தை உருவி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொட்டு ஈரம் இல்லை!

"பிரமாதம்மா! அடுத்த வாரத்திலிருந்து அனுப்பிடுங்க."

மனைவி துள்ளிக் குதிக்காத குறை. மேடம் கணவனிடமும் கை நீட்டினார். மகாராஜா அப்போதும் உட்கார்ந்தே கை குலுக்கினார்.

மேடத்தை வழியனுப்பிக் கதவைச் சாத்தியதுதான் தாமதம், மனைவி பொரிந்து தள்ளிவிட்டாள்.

"பெரிய மனுஷி வந்தா எழுந்து நிக்கக்கூடவா தெரியாது? நான் ஜெயிக்கிறது அவ்வளவு பொறுக்கலையா உங்களுக்கு?"

கணவன் மெல்ல எழுந்தான். இடுப்பிலிருந்து முழங்கால்வரை சூப் சொட்டியது. கையில் அடி ஊறிப் பிய்ந்த ஒரு பெட்டி.

"பதற்றத்துல, சரியில்லைன்னு நீ கழிச்சுப் போட்ட பெட்டியில சூப்பை ஊத்தி வச்சுட்டுக் கதவைத் திறக்க ஓடிட்டே. சட்டுனு ஒரு நல்ல பெட்டியை எடுத்து, மிச்ச சூப்பை ஊத்தி மேஜையில வச்சேன்."

"அப்போ... இது?"

"அதுக்குள்ள நீங்க உள்ளே வந்துட்டீங்களா... என் மடியிலதான் இடம் இருந்துச்சு."