பதினோரு வருடப் புல்

"தராசு பழுதா, என்ன? மறுபடி போடுங்க."

"நாலு தடவை போட்டாச்சுங்க ஐயா. தராசு நல்லாத்தான் இருக்கு. ஆட்டுலதான் எடை இல்லை" என்றார் பண்ணை மேய்ப்பர்.

விஞ்ஞானிக்கு வியர்த்தது. பதினோரு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு அவர் உருவாக்கிய புதுப் புல் அது. வீட்டில் அவர் மனைவி அதைச் 'சக்களத்தி' என்றுதான் சொல்வாள். அதை மேய்ந்த இருபது ஆடுகளும் எலும்பும் தோலுமாக நின்றன. வேலிக்கு அந்தப் பக்கம், ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரணக் காட்டுப்புல்லில் விட்ட இருபது ஆடுகளோ கொழுகொழுவென்று இருந்தன.

ஆறு மாதமாக அவர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. புல்லின் மகிமையைப் பற்றிக் கட்டுரை எழுதுவதில் அவ்வளவு மும்முரம்.

"ஐயா, ஒரு விஷயம் சொல்லணும்…"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஆராய்ச்சி என் வேலை, மேய்க்கிறது உங்க வேலை."

தேர்வுக் குழு வர இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. புல் ஜெயித்தால் இயக்குநர் நாற்காலி, தோற்றால் ஓய்வு பெறும்வரை இதே தகரக் கொட்டகை. விஞ்ஞானி அறைக்கு ஓடினார். பதினோரு வருடக் கொள்கையைப் பத்தே நிமிடத்தில் தலைகீழாக்கினார்.

"காட்டுப்புல்லை மிஞ்ச எதுவுமே இல்லைங்கிறதுதான் என் கண்டுபிடிப்பு மேடம்" என்றார் குழுத் தலைவியிடம், கண் கலங்க. கண்ணீர் மட்டும் நிஜம்.

தலைவி கொழுத்த ஆடுகளைத் தடவிப் பார்த்தார். "தன் புல்லு தோத்துப்போச்சுன்னு தானே சொல்றதுக்குப் பெரிய மனசு வேணும் சார்."

பெரிய மனசு அதோடு நிற்குமா? விஞ்ஞானி உடனே டிராக்டரை வரவழைத்தார். குழுவின் கண் முன்னாலேயே புதுப் புல் முழுவதும் உழப்பட்டது. சேமித்து வைத்த விதை மூட்டைகளையும் கொளுத்தச் சொன்னார். தலைவி நெகிழ்ந்துபோனார்.

"மூணு மாசத்துல மறுபடி வர்றோம். அந்தக் காட்டுப்புல் ஆடுங்க இதே மாதிரி இருந்தா போதும், நாற்காலி உங்களுக்குத்தான்."

கார்கள் போனதும் விஞ்ஞானி மேய்ப்பரின் தோளில் கை போட்டார். அவ்வளவு சந்தோஷம். "இப்பச் சொல்லுங்க, என்னமோ சொல்ல வந்தீங்களே."

மேய்ப்பர் உழுத நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"காட்டுப்புல்லுல அந்த ஆடுங்க வாயே வைக்கலைங்க ஐயா. செத்துகித்துப் போச்சுன்னா என் வேலை போயிடுமேன்னு, ஆறு மாசமா நம்ம புதுப் புல்லைத்தான், இந்தப் பக்கத்து ஆடுங்களுக்கு மிச்சம்கூட வைக்காம, ஒட்ட அறுத்து அதுங்களுக்குப் போட்டுட்டிருந்தேன். நாளையிலேருந்து எதைப் போடட்டும்?"