ஓரெழுத்துப் பிசகு

ஒரு வயிற்றுக்குள் அக்காவும் தங்கையுமாக இரண்டு பாக்டீரியாக்கள் குடியிருந்தார்கள். மரபணுவைப் படியெடுத்தபோது ஓரெழுத்து பிசகியதில், தங்கையின் புரதத் தொழிற்கூடமான ரைபோசோமில் ஒரு புரதம் கோணிப்போனது. அதனால் அவளுக்கு எந்த வேலையும் மெதுவாகத்தான் நடக்கும்.

"ஏண்டி கோணச்சி, நீ நம்ம குடும்பம்னு வெளியே சொல்லிடாதே, மானம் போயிடும்!" என்பாள் அக்கா.

ஒருநாள் பாக்டீரியாக்களைக் கொல்லும் மருந்து வந்தது. அது அக்காவின் நேரான புரதத்தை இறுகப் பிடித்துக்கொண்டது. தங்கையின் கோணலில் பிடி கிடைக்காமல் வழுக்கிப் போனது.

"அடியே, நாம ஒரே குடும்பம்னு அதுகிட்ட சொல்லேண்டி!" என்று கெஞ்சியபடியே அக்கா செத்தாள்.

தங்கை அழுது ஓய்ந்து, ஆயிரமாகப் பெருகினாள். அத்தனையும் கோணல். ஒன்றே ஒன்று மட்டும் மறுபடி பிசகி, அக்காவைப் போல நேராகப் பிறந்தது.

தங்கை முகம் சுளித்தாள். "இது நம்ம குடும்பம்னு வெளியே சொல்லிடாதீங்க, மானம் போயிடும்!"